எஞ்சினை ஆளும் பெட்டி: கழற்றலும் மாற்றலும்

மோட்டார் வண்டியின் உறுப்புக்களுள் உருவிற் சிறியதும், விலையிற் பெரியதும், தான் செய்யாத குற்றத்திற்கு அடிக்கடி பழி சுமப்பதும் யாதெனின், எஞ்சினை ஆளும் மின்னணுப் பெட்டியே என்க. பட்டறைகளில் இதனை ஈ.சி.எம். என்றும், ஈ.சி.யு. என்றும் வழங்குவர். தோற்றத்தில் இஃது ஓர் அலுமினியப் பெட்டி. நடுத்தரமான ஒரு புத்தகத்தின் பருமனே உடையது. உள்ளே மின்சுற்றுப் பலகை ஒன்று உண்டேயன்றி அசையும் உறுப்பு யாதும் இல்லை. இதனைக் கழற்றி வேறொன்றை அமைக்கும் முறையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கழற்றும் வேலை மட்டும் எனின், பெரும்பாலான கார்களில் அரைமணி நேரத்திற்கு மேற்படாது. பத்து மில்லிமீட்டர் ஸ்பானர் ஒன்று கையிலிருந்தாற் போதும். அவ்வளவே ஆயின் இதனை எழுதவேண்டுவதில்லை. கழற்றுமுன் தீர்மானிக்க வேண்டியனவும், மாற்றியபின் செய்யவேண்டியனவுமே அரியவை. பொருளிழப்பும் பிழைப்பிழப்பும் நேர்வது அவ்விடங்களிலேயாம்.

நம் கல்லூரியிற் பௌதிகம் பயிலும் மாணவர் சிலர், பட்டம் பெற்றபின் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆகிய இடங்களிலுள்ள மோட்டார்த் தொழிற்சாலைகளை நாடிச் செல்லுகின்றனர். இராமானுசர் பிறந்த தலமென்று பன்னூற்றாண்டுகளாக அறியப்பெற்ற ஸ்ரீபெரும்புதூர், இக்காலத்திற் கார் பிறக்கும் ஊராகவும் விளங்குகின்றது. 1996-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ஹியுண்டாய் மோட்டார் இந்தியா நிறுவனம், அவ்வூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஆலை எழுப்பி, 1998-ஆம் ஆண்டு செப்டம்பரில் சான்ட்ரோ என்னும் சிறு காரை வெளியிட்டது. ரெனோ, நிசான் என்னும் இரு நிறுவனங்களின் கூட்டாலை 2010-இல் ஒரகடத்தில் திறக்கப்பெற்றது. பாரத்பென்ஸ் லாரிகளைச் செய்யும் டெய்ம்லர் ஆலை 2012-இல் அப்பகுதியிலேயே தொடங்கிற்று. இவ்வாலைகளினின்று எஞ்சினோடு வெளிவரும் ஒவ்வொரு வண்டியிலும் நாம் கூறப்புகும் பெட்டி உண்டு. அதுவின்றி எஞ்சின் ஒரு முறையேனும் வெடித்து இயங்காது. 2021-ஆம் ஆண்டில் உலகெங்கும் குறைகடத்திச் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தபொழுது, எஃகும் இரப்பரும் கண்ணாடியும் குறைவின்றி இருந்தும், கார் ஆலைகள் பல தம் உற்பத்தியைக் குறைக்க நேர்ந்ததே இதன் இன்றியமையாமைக்குச் சான்றாகும்.

முற்காலத்து அம்பாஸிடர், பத்மினி முதலிய கார்களில் இத்தகைய பெட்டி கிடையாது. காற்றையும் பெட்ரோலையும் கலக்குங் கருவி கார்புரேட்டர். தீப்பொறியைக் காலமறிந்து பகிர்ந்தளிக்குங் கருவி டிஸ்டிரிபியூட்டர். இரண்டும் வெறும் யந்திரங்களே. பழுது நேரின், மெக்கானிக் ஒருவர் காதாற் கேட்டும், மூக்கால் முகர்ந்தும், ஒரு திருகாணியைச் சிறிது திருப்பியும் சரிசெய்துவிடுவார். அம்முறை ஏன் ஒழிந்தது என்பதை ஒருவாறு அறிதல் வேண்டும். பெட்ரோல் முற்றும் எரிதற்கு, எடையளவில் அதனைப்போல் 14.7 மடங்கு காற்று வேண்டும். புகைக்குழாயில் அமைந்து நச்சுவாயுக்களை மாற்றும் கேடலிட்டிக் கன்வர்ட்டர் என்னுங் கருவி, இவ்விகிதம் ஏறத்தாழப் பிறழாது நிற்குமிடத்தேதான் தன் தொழிலைச் செவ்வனே செய்யும். வெயிலிலும் மழையிலும், மேட்டிலும் பள்ளத்திலும், கணந்தோறும் இவ்விகிதத்தைக் காத்தல் கார்புரேட்டருக்கு இயலாத செயல். 1967-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் போஷ் நிறுவனம் மின்னணுவியல் வழியாக எரிபொருளைப் பீச்சும் அமைப்பை வோக்ஸ்வாகன் கார்களில் அமைத்தது. 1979-இல் அதே நிறுவனம் எரிபொருளையும் தீப்பொறியையும் ஒரே பெட்டியின் ஆட்சியிற் கொண்டுவந்தது. நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் என்னும் புகை விதிகள் படிப்படியாக இறுகிவந்து, 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் ஆறாம் படி நடைமுறைக்கு வந்தமையின், கார்புரேட்டருக்குக் காரில் இடமே இல்லாதொழிந்தது.

இப்பெட்டியின் வேலை எத்துணை விரைவுடையது என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்குவேன். எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 முறை சுழல்வதாகக் கொள்வோம். ஒரு சுற்றுக்கு ஆகுங் காலம் 20 மில்லிசெகண்டு. நாலு சிலிண்டர் எஞ்சினாயின் ஒவ்வொரு சுற்றிலும் இரு சிலிண்டர்களில் தீ மூளுதல் வேண்டும். எனவே 10 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை பெட்டி கட்டளை பிறப்பிக்கின்றது. கிராங்க் தண்டு ஒரு பாகை திரும்ப ஆவது ஒரு செகண்டின் பதினெண்ணாயிரத்தில் ஒரு பங்கே. தீப்பொறி ஓரிரு பாகை முந்தினும் பிந்தினும் எஞ்சினின் வலிமையும் புகையும் வேறுபடுமாதலின், அத்துணை நுண்ணிய காலத்தைப் பெட்டி அளந்துகொண்டே இருத்தல் வேண்டும். கிராங்க் தண்டின் நிலை, உட்புகும் காற்றின் அளவு, நீரின் சூடு, மிதியின் அழுத்தம், புகையில் எஞ்சிய பிராணவாயு என்னும் இவற்றைச் சென்சார்கள் வோல்ட்டுகளாக மாற்றி அதற்கு உணர்த்துகின்றன. அவற்றுட் பலவற்றிற்குப் பெட்டியே 5 வோல்ட்டு மின்சாரத்தை அளித்து, அதில் எவ்வளவு திரும்பி வருகின்றதென்று பார்க்கின்றது. ஆகவே, பெட்டிக்கு வரும் மின்சாரமும், அது திரும்பிச் செல்லும் வழியும் செம்மையாக இல்லையேல், அதன் அறிவு முழுவதும் வீணாம். இதனை மனத்திற் கொள்ளுக. பின்னர் இங்கேயே மீண்டும் வருவோம்.

இனி, யான் இப்பொருளை எழுத நேர்ந்த காரணத்தைக் கூறுவேன். என் தமக்கையாரின் கணவர், முடிச்சூரிற் குடியிருந்து, ஒரகடத்து ஆலைகளுக்கு இரவு முறையில் வேலை செய்வோரை ஏற்றிச்செல்லும் டீசல் கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டிவந்தார். கடனில் வாங்கிய வண்டி. மாதந்தோறும் தவணை உண்டு. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பெய்த மழையைச் செங்கற்பட்டு, காஞ்சிபுரம், சென்னை மக்கள் எளிதில் மறவார். ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் பெய்தன. செம்பரம்பாக்கம் ஏரியினின்று அன்றிரவு நொடிக்கு ஏறத்தாழ 29,000 கன அடி நீர் அடையாற்றில் விடப்பெற்றது. முடிச்சூரும் வரதராஜபுரமும் நீருள் ஆழ்ந்தன. ஹியுண்டாய், ரெனோ–நிசான் முதலிய ஆலைகளும் வேலையை நிறுத்தின. உறவினரது கார் இருக்கையளவு நீரில் இரண்டு நாள் நின்றது.

நீர் வடிந்தபின் அவர் ஒரு நல்ல காரியம் செய்தார்; சாவியைத் திருப்பாமலே வண்டியை இழுத்துச்சென்று பட்டறையிற் சேர்த்தார். சிலிண்டருள் நீர் புகுந்திருப்பின், சுழற்றிய மாத்திரத்தே பிஸ்டன் தண்டு வளைந்துவிடும். காற்றைப்போல் நீர் அமுங்காதன்றோ? பட்டறையார் நீரையும் எண்ணெயையும் வடித்து, வண்டியை உலர்த்தி, புதிய எண்ணெய் ஊற்றிச் சுழற்றினர். ஒரோவழி எஞ்சின் பற்றிக்கொள்ளும், உடனே அணையும், பெரும்பாலும் பற்றுவதே இல்லை. ஸ்கேனர் கருவியைப் பொருத்திப் பார்க்கையில் பெட்டி மறுமொழி கூறவில்லை. "பெட்டி போய்விட்டது, புதியது வாங்கவேண்டும்" என்றனர். புதியதன் விலை அவரது இரு மாத வருவாய்க்கு மேற்பட்டது. என்னிடம் யோசனை கேட்டார். பௌதிகம் போதிப்பவனாகிய யான், சிறிதும் ஆராயாமல், "அதே மாதிரிக் காரின் பழைய பெட்டியொன்றைப் புதுப்பேட்டையில் வாங்கிப் பொருத்தலாமே, எண் ஒன்றாயிருந்தாற் போதும்" என்று கூறிவிட்டேன். அவ்வறிவுரையின் பயனைப் பின்னர்க் கூறுவேன்.

பெட்டி பழுதென்று தீர்மானிக்குமுன் பார்க்கவேண்டியவற்றுள் முதலாவது பாட்டரி. சாவி திருப்பாத நிலையில் 12.4 வோல்ட்டுக்குக் குறைந்த பாட்டரியை வைத்துக்கொண்டு எந்த ஆராய்ச்சியும் செய்யலாகாது. அடுத்தவை பியூஸ்களும், பெட்டிக்கு மின்சாரம் வழங்கும் மெயின் ரிலேயும். இவற்றைச் சொல்வதற்கு நீளவேண்டுவதில்லை. எப்பட்டறையிலும் இவற்றைப் பார்ப்பர். பாராது விடுவது மின்சாரம் திரும்பும் வழியை. பட்டறைமொழியில் அதனை எர்த்து என்பர். பெட்டியினின்று வரும் சில கம்பிகள் ஒன்றுகூடி, எஞ்சினிலோ வண்டியின் உடலிலோ ஒரு போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கும். அப்போல்ட்டின்கீழ்த் துருவோ களிம்போ படருமாயின், அங்கே ஒரு சிறு மின்தடை உண்டாகின்றது.

அச்சிறு தடை என்ன செய்துவிடும் என்று மாணவர் வினவலாம். ஓமின் விதியை எடுத்துக்கொள்ளுக. தடை 0.2 ஓம் என்போம். சாதாரண மல்ட்டிமீட்டரின் முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டாலே ஏறக்குறைய அவ்வளவு காட்டும். ஆகவே மீட்டர் அதனைக் குற்றமென்று காட்டாது. ஆனால் இன்ஜெக்டர்களும் ரிலேக்களும் பிறவும் வேலை செய்கையில் பெட்டியின் வழியே 10 ஆம்பியர் பாயுமாயின், அவ்விணைப்பில் 2 வோல்ட்டு இழக்கப்படும். ஸ்டார்ட்டர் சுழலும்பொழுது பாட்டரியே 10 வோல்ட்டுக்கு இறங்கிவிடுகின்றது. அதினின்று இரண்டு கழியின் பெட்டிக்கு எஞ்சுவது 8. தடை இன்னும் மிகின், பெட்டி மயங்கி அணைந்து மீண்டும் விழிக்கும். தொடக்கத்திலிருந்து கணக்கைத் தொடங்கும். ஓட்டுபவருக்கு எஞ்சின் பற்றி அணைவதாகத் தோன்றும். ஸ்கேனருக்கோ பெட்டி இறந்ததாகத் தோன்றும்.

ஆதலின், எர்த்தைத் தடைமானியால் அளத்தல் பயனில்லை. சுமை ஏற்றியே அளத்தல் வேண்டும். மீட்டரை வோல்ட்டு அளக்கும் நிலையில் வைத்து, ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனைக் கம்பத்திலும், மற்றொன்றைப் பெட்டிக்குச் செல்லும் எர்த்துக் கம்பியிலும் வைத்துக்கொண்டு ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுக. காட்டுவது 0.1 வோல்ட்டுக்குள் இருப்பின் நன்று. அரை வோல்ட்டு எனின் குற்றவாளி அகப்பட்டான். மீட்டர் இல்லாதவிடத்து, திரும்பு விளக்கிற் பயன்படும் 21 வாட்டு பல்பு ஒன்று போதும். கப்ளரைக் கழற்றி, பாட்டரியின் நேர்முனைக்கும் அவ்வெர்த்துக் கம்பிக்கும் இடையே பல்பை இணைத்தால், நல்ல வழியாயின் வெண்மையாக எரியும். கெட்ட வழியாயின் செந்நிறமாக மினுக்கும். பத்து இழைகளில் ஒன்பது அற்று ஒன்றே எஞ்சிய கம்பியைத் தடைமானி முழுக்கம்பி என்றே காட்டும். பல்பு அதற்கு ஏமாறாது. மாணவர்கள் ஆய்வுக்கூடத்தில் இதனைச் செய்து பார்த்தல் எளிது.

பெட்டி பேசவில்லை என்று ஸ்கேனர் கூறுமிடத்துப் பேச்சு நிகழும் கம்பிகளையும் பார்த்தல் வேண்டும். வண்டியிலுள்ள பல பெட்டிகளும் கான் என்னும் முறுக்கிய இரு கம்பிகளின் வழியே தம்முள் உரையாடுகின்றன. இம்முறையையும் போஷ் நிறுவனமே 1986-இல் உலகிற்கு அறிவித்தது. கம்பியின் இரு கோடிகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று உண்டு; இணையாக நிற்றலின் இரண்டும் சேர்ந்து 60 ஓம் ஆம். பாட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்டீயரிங்கின் கீழுள்ள பதினாறு துளைச் சாக்கெட்டில் ஆறாவது, பதினான்காவது துளைகளுக்கிடையே அளக்க. 60 காட்டின் வழி நன்று. 120 காட்டின் எங்கோ ஒரு கோடி அற்றது. ஏறத்தாழ 0 எனின் இரு கம்பிகளும் ஒன்றோடொன்று ஒட்டின. இவ்வோர் அளவால் எத்தனையோ பெட்டிகள் வீணே கழற்றப்படாமல் தப்பும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கு மற்றொரு சிறப்புண்டு. நீரால் மட்டும் மின்னணுப் பலகை உடனே அழிவதில்லை. நீர் நிற்கும்பொழுது பாட்டரியும் இணைந்திருப்பதே கேடு. அப்பொழுது ஒவ்வொரு கப்ளரும் ஒரு சிறு மின்பகுப்புக் கலமாகிச் செம்பைத் தின்கின்றது. கப்ளரின் முட்கள் பச்சை பூத்து நிற்பதைக் காணலாம். அதனினும் கொடியது, கம்பியின் உறைக்குள்ளேயே நுண்புழை ஈர்ப்பால் நீர் ஏறிச்செல்லுதல். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போன்றதே இதுவும். ஆகவே, கீழே நனைந்த கம்பியொன்று, நனையாத உயரத்திலிருக்கும் பெட்டிக்குள்ளும் ஈரத்தைக் கொண்டுசேர்க்கக்கூடும். எஞ்சின் பக்கம் வைக்கப்படும் பெட்டிகள் நீர் புகாதவாறு அடைக்கப்பட்டிருக்கும். டாஷ்போர்டின் கீழ், கால் வைக்குமிடத்தருகே இருப்பவை அங்ஙனம் அடைக்கப்படாதனவும் உண்டு. தம் காரில் பெட்டி எங்குள்ளது என்பதை மழைக்கு முன்னரே அறிந்திருத்தல் நலம்.

இவ்வளவும் பார்த்தபின்னும் பெட்டியே பழுதென்று உறுதிப்படின், மாற்றுதல் தக்கதே. பி 0601, பி 0606 முதலிய குறிகளைப் பெட்டி தானே காட்டுவதும் உண்டு. முன்னது தன் நினைவுப்பகுதி சிதைந்ததென்றும், பின்னது தன் சில்லு பழுதுற்றதென்றும் அது கூறுங் கூற்றுக்களாம். எனினும் அவற்றையும் மின்சாரவழியைச் சோதித்த பின்னரே நம்புக.

கழற்றுமுன், பழைய பெட்டி பேசுமாயின் அதனிடத்துள்ள செய்திகளைப் படித்து எழுதிவைத்தல் வேண்டும். பெட்டியின் உறுப்பெண், நிரலின் எண், வண்டியின் அடையாள எண் என்பன முதன்மையானவை. டீசல் வண்டியாயின், ஒவ்வோர் இன்ஜெக்டரின் தலையிலும் எழுத்தும் எண்ணும் கலந்த குறியொன்று பொறிக்கப்பட்டிருக்கும். ஒரே மாதிரியாகச் செய்யப்பட்ட இன்ஜெக்டர்களும், ஆயிரத்து அறுநூறு பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் இம்மியளவு வேறுபடுமாதலின், ஆலையிலேயே ஒவ்வொன்றையும் சோதித்து அதன் இயல்பைக் குறியாகப் பதிக்கின்றனர். அக்குறியை அறிந்த பெட்டியே அவ்வின்ஜெக்டரை ஒழுங்காக ஆளும். ஆகவே நான்கு குறிகளையும், எக்குறி எச்சிலிண்டருக்கு உரியதென்பதையும் தாளில் எழுதிக்கொள்ளுக. கைப்பேசியிற் படம் பிடித்தலும் ஆம், தாளும் இருக்கட்டும்.

கழற்றும் முறை சுருக்கமானது. சாவியை எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் பொறுத்தல் வேண்டும்; சாவி எடுத்தபின்னும் பெட்டி சிறிது நேரம் விழித்திருந்து தன் நினைவைப் பதிக்கின்றது. பின்னர்ப் பாட்டரியின் எதிர்முனையை முதலிற் கழற்றுக. நேர்முனையை முதலிற் கழற்றப் புகின், ஸ்பானர் வண்டியின் உடலைத் தொட்டவுடன் மின்பொறி பறக்கும். கையால் எஞ்சினின் இரும்பைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்சாரத்தை விடுத்து, கப்ளரின் பூட்டை நீக்கி, நெம்புகோலைத் தூக்குக. கப்ளர் தானே எழும்பும், எழாவிடில் பூட்டு நீங்கவில்லை என்பதே பொருள், வலிந்து இழுத்தலாகாது. முட்களை விரலால் தொடாமலும், கப்ளருக்குள் மீட்டர் முனையைத் திணிக்காமலும் இருத்தல் வேண்டும். துளை ஒருமுறை விரிந்துவிடின், புதிய பெட்டிக்கும் பழைய நோயே வரும். போல்ட்டுகளைக் கழற்றிப் பெட்டியை எடுக்கையில், அதன் தாங்கி இரும்பு வழியாகவே சில வண்டிகளில் வெப்பம் வெளியேறுகின்றதென்பதை நினைந்து, தாங்கியையும் துடைத்து வைக்க. சில வண்டிகளில், திருடர்க்கு எட்டாதவாறு, தலை முறிந்த போல்ட்டுகளால் பெட்டியை இரும்புக் கூண்டுள் அடைத்திருப்பர். அங்கே மட்டும் பொறுமை வேண்டும்.

புதிய பெட்டியை அமைத்தல் இதன் மறுதலையே. கப்ளரைப் பொருத்தி நெம்புகோலை முற்றும் மடக்கியபின்னரே பாட்டரியை இணைக்க. அமைத்தவுடன் வண்டி புறப்படும் என்று எண்ணுவார் ஏமாறுவர். ஏனெனின், கடையில் விற்கும் புதிய பெட்டி பிறந்த குழந்தை போன்றது. தான் எவ்வண்டிக்கு உரியது என்பதை அறியாது. கார்த்தொழிற்சாலைகளில் வண்டி வரிசையின் இறுதிக்கு வரும்பொழுது, அதன் பெட்டிக்குள் உரிய நிரலையும், வண்டியின் அடையாள எண்ணையும், சாவிகளின் மறைகுறியையும் பதிகின்றனர். பெட்டிக்குப் பெயரிடும் சடங்கு அதுவே எனலாம். பெட்டியை மாற்றுவோர் அச்சடங்கு முழுவதையும் பட்டறையில் மீண்டும் செய்தாக வேண்டும். நிரலைப் பதிக்கும்பொழுது பாட்டரியின் வலிமை குன்றுமாயின் பதிவு நடுவே அறுந்து பெட்டி பயனற்றுப் போதலும் கூடும். ஆதலின் சீரான மின்சாரம் தரும் சார்ஜரை இணைத்து வைத்தே தொடங்குக. மின்சாரம் அடிக்கடி தடைப்படும் ஊராயின் ஜெனரேட்டருள்ள பட்டறையைத் தேடிச் செல்லுதல் தகும்.

சாவியின் மறைகுறியைப் பற்றிச் சிறிது விரித்துரைப்பேன். சாவியின் தலையில் ஒரு சிறு சில்லு உண்டு. சாவித்துளையைச் சூழ்ந்த கம்பிச்சுருள் அதனை எழுப்பி வினவ, அது தன் குறியைக் கூறும். பெட்டி தன்னகத்துள்ள குறியோடு ஒப்பிட்டு, ஒத்தால் எரிபொருளைத் திறக்கும்; ஒவ்வாவிடின் ஸ்டார்ட்டர் எத்துணை நேரம் சுழன்றாலும் ஒரு துளியும் விடாது. இம்மொபிலைஸர் என்னும் இவ்வமைப்புத் திருட்டைத் தடுக்கவே ஏற்பட்டது. அங்ஙனமே தடுக்கின்றது, ஆயின், வேறொரு வண்டியின் பெட்டியை நேர்மையாக விலை கொடுத்து வாங்கியவனையும் திருடனாகவே கருதுகின்றது. புதிய பெட்டிக்கு வண்டியின் இரகசிய எண்ணைக் கொண்டு சாவிகளைக் கற்பிக்கலாம். பழைய பெட்டியோ முன்னை வண்டியின் சாவியை மறவாது. உரிய கருவியும் முன்னை வண்டியின் இரகசிய எண்ணும் இருந்தாலன்றி அதனை வெறுமையாக்குதல் அரிது. சிலவற்றில் இயலவே இயலாது.

சாவி கற்பித்தபின், இன்ஜெக்டர்களின் குறிகளைப் பதித்து, திராட்டிலின் மூடிய நிலையையும், கிராங்க் சென்சாரின் பல்வேறுபாட்டையும், நிற்கையில் எஞ்சின் சுழலும் வேகத்தையும் பெட்டி கற்குமாறு செய்தல் வேண்டும். இவற்றுட் சில ஸ்கேனரின் கட்டளையால் நிகழும். சில, வண்டியை ஒரு நாள் ஓட்டினால் தாமே நிகழும். முதல் நாள் எஞ்சின் சற்றே தடுமாறினும் அஞ்சவேண்டுவதில்லை.

இனி உறவினரது வண்டிக்கு வருவோம். யான் கூறியவாறே பழைய பெட்டியொன்று வாங்கிப் பொருத்தப்பட்டது. உறுப்பெண் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தது. ஸ்டார்ட்டர் சுழன்றது, சாவி வடிவான சிறு விளக்கு டாஷ்போர்டில் மின்னிக்கொண்டே இருந்தது, எஞ்சின் பற்றவில்லை. இரு வாரம் கழிந்தது. இரவு முறை வேலையாட்களை வேறொருவர் ஏற்றிச்செல்லத் தொடங்கினார். தவணை நாள் வந்தது. தமக்கையார் வளையலை அடகுவைத்த செய்தியை என்னிடம் எவரும் சொல்லவில்லை. யானே பின்னர் அறிந்தேன்.

இறுதியில், ஒரகடம் சாலையோரத்தில் சிறு பட்டறை வைத்திருந்த இளைஞர் ஒருவரிடம் வண்டி சென்றது. ஐ.டி.ஐ.யில் மின்தொழில் கற்றவர். அவர் பெட்டியைத் தொடவேயில்லை. ஒரு பல்பையும் இரு கம்பிகளையும் எடுத்துக்கொண்டு வண்டியின் கீழே படுத்தார். சிறிது நேரத்தில் எழுந்து, "ஸார், இந்த எர்த்தைக் கொஞ்சம் பாருங்கள்" என்றார். கியர்ப்பெட்டியை ஒட்டிய ஒரு போல்ட்டின்கீழ், இருநாள் நீரில் நின்ற கம்பியின் முனை பச்சைக் களிம்பேறிப் பொடிந்திருந்தது. அதனை வெட்டிப் புதிய முனை இட்டு, இரும்பைச் சுரண்டி இறுக்கி, உறவினரின் பழைய பெட்டியையே மீண்டும் பொருத்தச் சொன்னார். அப்பெட்டி எஞ்சின் பக்கத்தில் உயரமான இடத்தில் இருந்தமையாலும், நீர் புகாதவாறு அடைக்கப்பட்டிருந்தமையாலும் யாதொரு பழுதும் அடையவில்லை. இரண்டாஞ் சுழற்சியில் எஞ்சின் பற்றியது. கூலியாக அவர் கேட்டது முந்நூறு ரூபாய்.

உறவினர் என்னை ஒருசொல்லும் கடிந்துகொள்ளவில்லை. "மாப்பிள்ளை, அந்தப் பழைய பெட்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், பாடஞ் சொல்ல உதவும்" என்று மட்டும் சொல்லி, ஒரு செய்தித்தாளிற் சுற்றிக் கொடுத்தார். அது நம் கல்லூரிப் பௌதிக ஆய்வுக்கூடத்தில், கால்வனாமீட்டர்கள் உள்ள அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றது. மூடியைத் திறந்து வைத்திருக்கின்றேன். பலகையைக் காண விரும்பும் மாணவர் எந்நாளும் வந்து காணலாம். பக்கத்திலேயே 21 வாட்டு பல்பு ஒன்றும் உண்டு.